காதுல சொன்னது

இல்லைங்கம்மா, எம் பேத்தி இல்லை. ஒறவும் இல்லை. முன்னாடி மூணாவது சீட்டுல ஜன்னலோரமா ஒக்காந்துக்கிட்டுத் திரும்பித் திரும்பிப் பாக்குதே, அந்த யூனிபாரம் போட்ட புள்ளையத்தானே கேக்குறீங்க? பக்கத்துல, வகிட்டுல நீளமா குங்குமத்தை இழுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கிறது அதோட அம்மா. பெங்கால்காரங்க. அம்மாவுக்கு நம்ம பாஷையில வாங்க, போங்க, எவ்வளவு, அதோட சரி. புள்ளைக்கு நல்லா வரும். எனக்கும் உங்களுக்கும் வர்ற மாதிரியே வரும்.

ஆமா, என்னையத்தான் பாக்குது. நான் பாத்தா அது திரும்பிக்கும். அது பாத்தா நான் வெளியில பாத்துக்குவேன். திருப்பனந்தாள்ல ஏறுனதுலேருந்து இதே கதைதான்.

பேரு ரும்பா. நான் அது படிக்கிற ஸ்கூல்ல சத்துணவு ஆயா. பூவம்மான்னு பேரு, புள்ளைங்க பூவாயாம்பாங்க. நீங்க கும்பகோணம் வரைக்குமா? நானும் அங்கதான் எறங்கணும். அதுவும் அங்கதான். கோர்ட்டுக்குப் போவுது. சாட்சி சொல்ல. அட, பயப்படாதீங்க, அது ஒரு தப்பும் பண்ணலை. எனக்கும் அங்க ஒரு வேலை இருக்கு. சொல்றேன், இன்னும் சோழபுரமே வரலையே.

எங்க ஊர்ல வாய்க்காலை ஒட்டி ஒரு ரைஸ்மில்லு இருக்குங்க. மூட்டை தூக்குறது, காய வைக்கிறது, உமி அள்ளுறது எல்லாம் இப்ப பெங்கால்காரங்கதான். நடவுக்குக்கூட அவங்கதானே வர்றாங்க, நாலு பேரு ஒரு மா நெலத்தை ஒரு காலையில நட்டுட்டுப் போயிடுறாங்க. நானெல்லாம் நடவுக்குப் போயிக்கிட்டு இருந்தவதான், அவங்க கை வேகத்தைப் பாத்து அசந்து நின்னுருக்கேன். அந்த மில்லுக்கு வந்த குடும்பம்தான் இது. இந்தப் புள்ளைய ரெண்டாங்கிளாசுல கொண்டாந்து சேத்தாங்க.

மொத நாளு என்னாச்சு தெரியுமா? வெயில்ல நடந்து வந்துருக்கு, தாகம். டீச்சர்கிட்டப் போயி ஜொல், ஜொல்லுன்னு கேட்டுருக்கு. அவங்க பாஷையில ஜொல்லுன்னா தண்ணியாம். நம்ம புள்ளைங்க சும்மா இருக்குமா? ஜொள்ளு, ஜொள்ளுன்னு ஒரே சிரிப்பு. ஒரு மாசம் அந்தப் பேராலேயே கூப்புட்டாங்க. அன்னைக்கு மூடுன வாய்தான். கிளாசுல பேரு கூப்புட்டா கையைத் தூக்கும், உள்ளேன் டீச்சர்னு சொல்லாது. கேள்வி கேட்டா தலையைக் குனிஞ்சுக்கும். அடிச்சா அழுவும், அதுகூட சத்தம் வராது. இசைவாணி டீச்சர் நல்ல டீச்சர்தான், அவங்களே புள்ளைக்குப் பேச்சு வராது போலன்னு டாக்டர் கேம்புக்கு எழுதிக் குடுத்துட்டாங்க.

எனக்கு மட்டுந்தான் தெரியும், அதுக்குப் பேச்சு வரும்னு. எப்படின்னா, ஒருநாள் சாம்பார் ஊத்திக்கிட்டு இருக்கேன். வரிசையில வந்த புள்ள தட்டைக் கீழே வச்சிட்டு எங்கிட்ட வந்துச்சு. குனியச் சொல்லிக் கையைக் காட்டுச்சு. குனிஞ்சேன். காதுல வாயை வச்சி, ஆயா, உப்பு போடலைன்னுச்சு. சுத்தமான தமிழு! எங்க கத்துக்கிட்டுச்சுன்னே தெரியலை. நாங்க அடுப்படியில பேசுறது, புள்ளைங்க சண்டை போடுறது, எல்லாத்தையும் கேட்டுக் கேட்டே உள்ள சேத்து வச்சிருக்கு. நான் ஒரு வாய் எடுத்துப் பாத்தேன், மண்ணாட்டம் இருந்துச்சு. அய்யய்யோ, உப்பு போடலையேன்னு நானே கண்டுபுடிச்ச மாதிரி சத்தம் போட்டேன்.

அதுலேருந்து எதுவா இருந்தாலும் எங் காதுதான். நோட்டு கிழிஞ்சுபோச்சு, அந்தப் பொண்ணு என் பென்சிலை எடுத்துட்டா, பாத்ரூம்ல தண்ணி வரலை, எதுன்னாலும் அடுப்படிக்கு ஓடிவந்து காதுல சொல்லும். நான் போயி டீச்சர்கிட்ட சொல்லுவேன். டீச்சரும் ரும்பாகிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா என்னையக் கூப்புட்டு விடுவாங்க. எச்.எம். சார் கிண்டலாச் சொல்லுவாரு, பூவம்மா, அந்தப் புள்ளைக்கு நீதான் மைக்குன்னு.

எனக்குப் பெருமைங்க அது. ஏன் பொய் சொல்லணும்? ஊர்ல யாருக்கும் காட்டாத வாயை அது எங்கிட்ட மட்டும் காட்டுதுன்னு. நீயே போயி சொல்லுடின்னு ஒருநாளாச்சும் நான் சொல்லியிருக்கணும். சொல்லலை. ஒவ்வொரு தடவையும் குனிஞ்சேன்.

அப்புறம் அது நாலாங்கிளாசு போனப்ப பிட்டு வந்தான். ஆமா, பிட்டுதான் பேரே. சிரிக்காதீங்க. எங்க புள்ளைங்களும் அப்படித்தான் சிரிச்சாங்க. பரிச்சையில காப்பி அடிக்கிறதுக்கு வைக்கிற பேரு ஒருத்தனுக்கு இருந்தா? அதே மில்லுக்குப் புதுசா வந்த குடும்பம், ஒண்ணாங்கிளாசு. அவன் இவளுக்கு நேர் எதிரு. ஒரு நிமிஷம் வாய் மூட மாட்டான், எல்லாம் அவங்க பாஷையில. யாருக்கும் புரியுதா இல்லையான்னு கவலையே கெடையாது. ஆடு, கோழி, அடுப்பு, எல்லாத்துக்கிட்டயும் பேசுவான்.

ஒருநாள் வயித்தைப் புடிச்சுக்கிட்டு அழுவுறான். பேட்டே பேத்தா, பேட்டே பேத்தாங்கிறான். எந்தப் பேட்டைடா, யாரு பேத்தின்னு டீச்சருக்கு ஒண்ணும் புரியலை. ரும்பா ஓடியாந்து எங் காதுல சொன்னுச்சு, வயிறு வலிக்குதாம் ஆயான்னு. நான் போயி சொன்னேன். இசைவாணி டீச்சர் அப்படியே பாத்தாங்க. என்ன பூவம்மா, நீங்க பெங்காலி வேற கத்துக்கிட்டீங்களான்னு கேட்டாங்க. ஆமா டீச்சர்னு சிரிச்சேன். அந்தப் புள்ள தூணுக்குப் பின்னாடி நின்னு அதுவும் சிரிச்சுது. அது சிரிச்சு நான் பாத்தது அதான் கடைசின்னு நெனைக்கிறேன்.

டிக்கெட் எடுத்துட்டேன் தம்பி. கும்பகோணம் ஒண்ணு.

எங்க விட்டேன்? ஆங். மில்லுக்கும் ஸ்கூலுக்கும் மூணு கிலோமீட்டரு. வாய்க்கால் கரையோட ரோடு, அந்தச் சின்னதுங்க நடந்து வர முடியாது. உள்ளூர் ஆட்டோ ஒண்ணுதான் கூட்டிட்டு வரும், கூட்டிட்டுப் போவும். ஆட்டோவுல எத்தனை பேரு ஒக்காரலாம்? அதுல பதினோரு புள்ளைங்க, ரும்பாவும் பிட்டுவும் தவிர மத்ததெல்லாம் வழியில ஏறுற நம்ம ஊர்ப் புள்ளைங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தானே போவுது. பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம். நானே கேட்டுல நின்னு டாட்டா காட்டி அனுப்பியிருக்கேன்.

ஆட்டோக்காரன் கெட்டவன்னு நெனைச்சுடாதீங்க. இருபத்தாறு வயசு. குடி கெடையாது. காலையில வண்டியைத் தொடச்சுப் பூ வச்சிட்டுத்தான் எடுப்பான். மழை பேஞ்சா மொத ஆளா ஓடிப்போயி தார்ப்பாயை எறக்கி விடுவான், புள்ளைங்க நனையக் கூடாதுன்னு. போன்தான். அந்தப் போன் ஒண்ணுதான் அவன் கையில ஒட்டிக்கிட்டே இருக்கும். எத்தனை தடவை சொன்னாலும். ஊர்க்காரந்தானேம்மா, தெரியாம இருக்குமா.

அது முந்தின வருஷம் ஆடி மாசம். வாய்க்கால் நெறையத் தண்ணி. நான் அங்க இல்லை. ரும்பா சொன்னதை வச்சித்தான் சொல்றேன். பிட்டுவுக்கு எப்பவும் டிரைவர் பக்கத்துலதான் ஒக்காரணும். தானே ஓட்டுற மாதிரி கையைத் திருப்பிக்கிட்டு வருவான். அன்னைக்கும் அவன் சீட்டு ஓரத்துல பாதி ஒக்காந்துருக்கான், பாதி வெளியில. ஆட்டோக்காரனுக்குப் போன் வந்துருக்கு. எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டுப் பேசிக்கிட்டே ஓட்டுறான். ரோடு குண்டும் குழியுமா இருக்கு. புள்ள வழுக்குறான். கத்துறான், போரே ஜாச்சி, போரே ஜாச்சின்னு.

பின்னாடி இருந்த புள்ளைங்களுக்கு என்னா கேட்டுச்சு? போறே, போறேன்னு கேட்டுச்சு. எங்கடா போறே, டெல்லிக்கான்னு சிரிச்சிருக்காங்க. அவன் எப்பவும் ஏதாச்சும் கத்திக்கிட்டே வர்றவந்தானே.

ரும்பாவுக்கு மட்டுந்தான் தெரியும். போரே ஜாச்சின்னா, விழுறேன்னு அர்த்தம்.

நேர் பின்னாடி ஒக்காந்துருக்கு. தமிழும் தெரியும், அதுவும் தெரியும். அண்ணா நிறுத்துங்க, ரெண்டே வார்த்தை. வாயைத் தொறந்துருக்கு. வரலை. சொல்றதுக்கு ஒரு காதைத் தேடியிருக்குங்க அது. பழகிப்போச்சுல்ல? டிரைவர் காதுலதான் போன் இருக்கே. கையை நீட்டிச் சட்டையத் தொட்டுருக்கு. சட்டையத் தொட்டேன் ஆயான்னுச்சு எங்கிட்ட. தொட்டேன், அதுக்குள்ள மதகு வந்துருச்சுன்னுச்சு.

மதகுக் கல்லுலதான் விழுந்தான். தண்ணியில விழுந்திருந்தாக்கூட யாராச்சும் குதிச்சுத் தூக்கியிருக்கலாம். ஆட்டோக்காரன் ஓடிப்போகலை, அதைச் சொல்லியாவணும். புள்ளையத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு, வந்த பைக்கை நிறுத்தி ஏறிப் போனான். சட்டையெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. ஆறு வயசுங்க.

ம். தண்ணி இருக்குங்க, பையில இருக்கு. வேணாம்.

அன்னைக்கு ராத்திரிக்குள்ள ஊருல ஒரு பேச்சு உருவாயிடுச்சு. புள்ள குதிச்சிட்டான். போறேன் போறேன்னு சொல்லிட்டு ஓடுற வண்டியிலேருந்து குதிச்சிட்டான், துறுதுறுன்னு இருக்குற புள்ளதானே. மறுநாள் ஆட்டோக்காரன் வீடு வீடாப் போயி புள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கான், நான் போன் பேசுனேன்னு மட்டும் சொல்லிடாதீங்கடான்னு. அந்தப் புள்ளைங்களோட அம்மா அப்பாவும் சரின்னுட்டாங்க. உள்ளூர்ப் பையன், வாழ வேண்டியவன், போன உசுரு வரவா போவுதுன்னு. போலீஸ் வந்து கேட்டப்ப ஒம்போது புள்ளைங்களும் ஒரே மாதிரி சொன்னாங்க. அதுங்க சொன்னது முழுப் பொய்னும் சொல்ல முடியாது. அதுங்க காதுல போறேன்னுதானே விழுந்துச்சு?

அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. பிட்டுவோட அம்மாவுக்குத் தமிழ் சுத்தமாத் தெரியாது. எம் புள்ளைக்கு என்ன ஆச்சு, எம் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு அவங்க பாஷையில கேட்டுக்கிட்டே இருக்கு. எஸ்.ஐ. எச்.எம்.கிட்ட, ரெண்டு பாஷையும் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்கன்னாரு. இருக்கே ஒரு புள்ளைன்னு ரும்பாவ இழுத்துட்டு வந்து நிறுத்துனாங்க. எஸ்.ஐ. சொல்லச் சொல்ல, அந்தப் பொம்பளைகிட்ட எடுத்துச் சொல்லணும். உங்க பையன் போறேன்னு சொல்லிட்டு அவனாவே குதிச்சிட்டான்மா. இதை அந்தப் பச்சைப் புள்ள அந்தப் பொம்பளை காதுல சொன்னுச்சு. என்ன சொன்னுச்சுன்னு நமக்கென்ன புரியும்? சொல்லி முடிச்சதும் பிட்டுவோட அம்மா தலையில அடிச்சுக்கிட்டுக் கீழே விழுந்ததைத்தான் பாத்தோம். மறுநாளே அவங்க எல்லாரும் ரயிலேறி ஊருக்குப் போயிட்டாங்க. அப்புறம் வரலை.

எஸ்.ஐ. வந்துட்டுப் போன அன்னைக்கு மத்தியானந்தான் ரும்பா அடுப்படிக்கு வந்துச்சு. லெமன் சாதம் கிளறிக்கிட்டு இருக்கேன். கையைக் காட்டுச்சு. குனிஞ்சேன். எல்லாத்தையும் சொன்னுச்சு. போனு, சீட்டு ஓரம், போரே ஜாச்சி, சட்டை, மதகு, ஒண்ணு விடலை. சொல்லிட்டு நகந்து நின்னுக்கிட்டு என் வாயையே பாக்குது. எப்பவும் அப்படித்தான் நிக்கும். அது சொன்னதை நான் போயி சத்தமாச் சொல்ற வரைக்கும் நிக்கும்.

நான், சரி, போயி தட்டை எடுத்துக்கிட்டு வான்னேன்.

அது போவலை. ஒருவேளை ஆயாவுக்குக் காது கேக்கலையோன்னு நெனைச்சுதோ என்னவோ, மறுநாளும் வந்துச்சு. அதே கதை, அதே வார்த்தை. நானும் அதையேதான் சொன்னேன், போயி சாப்பிடுன்னு. மூணாம் நாளும் வந்துச்சு. அன்னைக்கு நான் குனியவே இல்லைங்க. பானையைத் தேய்க்கிற மாதிரி முதுகைக் காட்டிக்கிட்டு ஒக்காந்துட்டேன். ரொம்ப நேரம் பின்னாடி நின்னுச்சு. அதோட மூச்சுச் சத்தம் கேட்டுச்சு எனக்கு. திரும்பலை. அப்புறம் பாத்தா இல்லை.

ஏன் சொல்லலைன்னு கேக்குறீங்க. ம். சொல்றேன். இது சோழபுரந்தானே? ஏறுற கூட்டம் ஏறட்டும், காலை மிதிச்சிடப் போறாங்க, உள்ள வச்சிக்குங்க.

அஞ்சாம் நாளு பெரிய ஆபீசருங்க வந்தாங்க. கல்வி ஆபீசுலேருந்து ஒரு அம்மா, எஸ்.ஐ., இன்னும் ரெண்டு பேரு. பிரேயர் நடக்குற எடத்துல எல்லாப் புள்ளைங்களையும் நிக்க வச்சி, ஆட்டோவுல பாத்து வரணும், குதிக்கக் கூடாது, கையை வெளியில நீட்டக் கூடாதுன்னு புத்தி சொன்னாங்க. செத்த புள்ளைக்கு ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்னாங்க. கடைசியா அந்த ஆபீசரம்மா சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாங்க, யாராச்சும் ஏதாச்சும் சொல்லணுமான்னு. எவன் சொல்லப் போறான்? கேஸ் முடிஞ்ச மாதிரிதான் அன்னைக்கு. நான் அடுப்படி வாசல்ல முட்டை உரிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

நாலாங்கிளாசு வரிசையிலேருந்து இது வெளியில வந்துச்சுங்க. நடந்து முன்னாடி போச்சு. மைக்குகிட்டப் போவலை. எல்லாரும் நிக்கிற நடுவுல நின்னுக்கிட்டு வாயைத் தொறந்துச்சு. மொதல்ல வந்தது அவங்க பாஷைதான். எவ்வளவு சத்தம் தெரியுமா! அந்த ஒடம்புக்குள்ள அப்படி ஒரு தொண்டை இருக்குன்னு யாருக்குத் தெரியும்? யாருக்கும் ஒண்ணும் புரியலை. ரெண்டு புள்ளைங்க சிரிச்சுதுங்க. சிரிச்ச பக்கம் திரும்பி ஒரு பார்வை பாத்துச்சு. அப்புறம் தமிழ்ல ஆரம்பிச்சுது.

பிட்டு போறேன்னு சொல்லலை மிஸ். போரே ஜாச்சின்னு சொன்னான். அப்படின்னா விழுறேன்னு அர்த்தம். போறேன்னு அர்த்தம் இல்லை. விழுறேன், விழுறேன்னு கத்துனான். அண்ணன் போன் பேசிக்கிட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியும். நான் சொல்லலை. எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் சொல்லலை.

அந்த நான் சொல்லலைங்கிறதை எத்தனை தடவை சொன்னுச்சுன்னு கணக்கே இல்லை. நிறுத்தவே முடியலை அதால. அழுவலை, அதான் ஆச்சரியம். இசைவாணி டீச்சர் ஓடிப்போயி கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. அவங்கதான் அழுதாங்க.

எஸ்.ஐ. வந்து மண்டி போட்டு ஒக்காந்து கேட்டாரு. ஏம்மா, அன்னைக்கே ஏன் சொல்லலை? இத்தனை நாளா ஏன் யாருக்கிட்டயும் சொல்லலைன்னாரு.

சொன்னேன் சார்னுச்சு.

யாருக்கிட்ட சொன்னேன்னு கேட்டாரு.

அப்ப அது திரும்பி அடுப்படி வாசலைப் பாத்துச்சுங்க. உரிச்ச முட்டையோட நான் நிக்கிறேன். சொல்லிடும்னு நெனைச்சேன். சொல்லட்டும்னும் ஒரு மனசு. ரெண்டு நொடி பாத்திருக்கும். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. அவரு திரும்பத் திரும்பக் கேட்டாரு. அதுக்கு மட்டும் வாயே தொறக்கலை. இன்னைக்கு வரைக்கும் யாருக்கிட்டயும் என் பேரைச் சொல்லலை.

ஒம்பது வயசுப் புள்ள என்னைய மறைச்சு வச்சிருக்கு பாத்துக்குங்க.

அதுக்கப்புறம் கேஸ் திரும்பிடுச்சு. போன்ல எத்தனை மணிக்கு யாருகூடப் பேசுனான்னு கம்பெனியிலேருந்து எழுதி வாங்கிட்டாங்க, அது சொன்னது சரியா இருந்துச்சு. ஆட்டோக்காரனைப் புடிச்சு உள்ள வச்சி, அப்புறம் ஜாமீன்ல வந்தான். ஊருல கொஞ்சப் பேரு அந்தப் புள்ளைய வெசம்னாங்க. எங்கேருந்தோ பொழைக்க வந்துட்டு நம்ம பையனைக் காட்டிக் குடுத்துடுச்சுன்னாங்க. மில்லுப் புள்ளைங்களை ஏத்திக்க வேற ஆட்டோ எதுவும் வரலை. மூணு கிலோமீட்டரு நடந்துதான் வந்துதுங்க ஆறு மாசம், இதுதான் முன்னாடி, மில்லுக்குப் புதுசா வந்த சின்னதுங்க பின்னாடி.

ஆனா பேசுதுங்க இப்ப. நல்லாப் பேசுது. வாய் தொறந்தது தொறந்ததுதான். கிளாசுல மொத ஆளா எந்திரிச்சுப் படிக்குது. கணக்கு தப்பா இருந்தா டீச்சரையே கேக்குது. மில்லுக்குப் புதுசா ஆளுங்க வந்தா ஆஸ்பத்திரிக்கு, ரேஷன் கடைக்கு எல்லாம் இதுதான் கூடப் போவுது. அங்க நின்னுக்கிட்டு, இவங்களுக்கு என்னான்னு கேட்டுட்டு எழுதுங்கன்னு அதிகாரமாச் சொல்லுதாம். பள்ளிக்கூடமே மெச்சிக்குது. கூச்சப்படுற புள்ள எப்படி மாறிடுச்சு பாருங்கன்னு போன மாசம் யாரோ வந்து போட்டோகூட எடுத்தாங்க. எப்படி மாறுச்சுன்னு எனக்குத்தானே தெரியும். நம்பியிருந்த வாய் ஒண்ணு மூடிக்கிட்டதாலதான் அது தன் வாயைத் தொறந்துச்சு. அதுல மெச்சிக்க என்ன இருக்கு சொல்லுங்க?

எங்கிட்டயா? பேசுமே. தெனமும் வரிசையில வந்து தட்டை நீட்டும். நான் போடுவேன். போதும்னு சொல்லும், நல்லா சத்தமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. அவ்வளவுதான். ஒன்றரை வருஷமா அந்த ஒரு வார்த்தை. ஒருநாள் நான் வேணும்னே குனிஞ்சு காதைக் காட்டிப் பாத்தேன். நகந்து போயிடுச்சு.

இன்னைக்குத்தான் அதைக் கோர்ட்டுல கூப்புட்டுருக்காங்க. அப்பாவுக்கு மில்லுல லீவு குடுக்கலை, அம்மாவைக் கூட்டிக்கிட்டு இதுவே கெளம்பி வருது. யாரு யாருக்குத் தொணைன்னு பாருங்க.

என்னைய ஏன் கூப்புட்டாங்களா? நானும் சாட்சிதான். அந்தப் புள்ள பக்கம் இல்லை. ஆட்டோக்காரன் பக்கம். இன்னைக்கு இல்லாட்டியும் அடுத்த வாய்தாவுல ஏறணும், எதுக்கும் இன்னைக்கே வந்துடுங்கன்னாரு வக்கீலு. எப்படிச் சொல்லணும்னு ரெண்டு நாளு ஒக்கார வச்சிச் சொல்லிக் குடுத்துருக்காரு. அந்தப் புள்ள ரெண்டு வருஷம் வாயே தொறக்கலை, அதுக்குத் தமிழ் சரியா வராது, டீச்சருங்களே டாக்டர் கேம்புக்கு எழுதிக் குடுத்தாங்க, எது சொன்னாலும் நாந்தான் ஊகிச்சுச் சொல்லுவேன், அது பாட்டுக்கு எதையாச்சும் கற்பனையாச் சொல்லும். இவ்வளவுதாம்மா நீங்க சொல்லணும்னாரு. அதோட மைக்கே நாந்தானே, நான் சொன்னா ஜட்ஜு நம்புவாராம். போரே ஜாச்சிக்கு அர்த்தம் கண்டுபுடிக்க வேற ஆளு வருவாங்க, ஆனா அப்படித்தான் கத்துனான்னு சொல்றது இந்தப் புள்ள ஒண்ணுதானே. இதுக்குக் காதுல சரியா விழுந்திருக்காதுன்னு ஆக்கிட்டா முடிஞ்சுதாம்.

மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேங்க. கேளுங்க, தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

ஆனா சொல்லப் போறதில்லை. உங்ககிட்டப் பேசப் பேசத்தான் எனக்கே தெளிவா தெரியுது. இந்தப் புள்ளைக்குத் தமிழ் நல்லா வரும் சாமி, உப்பு இல்லைன்னாக்கூடத் தப்பில்லாமச் சொல்லும், நடந்ததை மூணு நாளு ஒருத்தி காதுல சொன்னுச்சு, அந்த ஒருத்தி நாந்தான்னு சொல்லிடப் போறேன். அப்புறம் என்னைய எந்தக் கூண்டுல ஏத்துறதுன்னு அவங்க பாத்துக்கட்டும். வேலை போவும். போவட்டும்.

அந்தா, டவுன் வந்துருச்சு. நாலு எட்டுல கோர்ட்டு ஸ்டாப்பு. கொஞ்சம் பையை எடுத்துக் குடுங்கம்மா. பாருங்க, அதுவும் அம்மாவை எழுப்புது.

ஆட்டோக்காரனுக்கா? தெரியாதுங்க, இன்னும் சொல்லலை. வக்கீலோட பைக்குல முன்னாடியே போயிட்டான், அங்க வாசல்ல நிப்பான். காலையில தட்டுல இட்லியை வச்சிட்டு எதிர்லதான் ஒக்காந்துருந்தேன். நல்லபடியாச் சொல்லிடுவல்லம்மான்னு கேட்டான். தலையை ஆட்டிட்டு, இன்னும் ரெண்டு வைக்கட்டுமா ராம்கின்னேன். நான் பெத்த புள்ள, வாயில சோறு இருக்கும்போது எப்படிங்க சொல்றது?